வாசகர் கேள்வி – பதில்: திமிங்கலத்தோடு நீந்த எந்தப் படகில் ஏறுவது?

கேள்வி: ஆகஸ்ட் மாதத்தில் நானும் என் கணவரும் தென் பசிபிக் தீவு நாடான டோங்காவுக்குச் சென்று, கூன்முதுகுத் திமிங்கலங்களோடு கடலில் நீந்திவர விரும்புகிறோம். மூன்று படகு நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்த்தோம். மூன்றிலுமே 'திமிங்கலங்களுக்குத் தொல்லை தராத சுற்றுலா' என்றுதான் போட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று, 'நீந்த முடியாவிட்டால் முழுப் பணமும் வாபஸ்' என்று உறுதி தருகிறது. அந்த உயிரைத் துன்புறுத்தித்தான் எங்கள் ஆசை நிறைவேறும் என்றால், போகாமலே இருந்துவிடவும் தயாராக இருக்கிறோம். எதைப் பார்த்து முடிவு செய்வது? — ஒரு வாசகி, மெல்போர்ன்

பதில்: 'பணம் வாபஸ்' என்று சொல்கிற நிறுவனத்தை முதலில் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். திமிங்கலம் விலகிப் போகும்போது பின்தொடராமல் விட்டுவிட வேண்டிய படகோட்டியின் தலைமேல், அப்படி விட்டால் அன்றைய வருமானம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்ற சுமையை அந்த உறுதிமொழி ஏற்றிவைக்கிறது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிற்பகல் இரண்டு மணி ஆகியும் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை என்றால் அவர் கை விசையை முடுக்கத்தான் பார்க்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, டோங்காவுக்கு வரும் தாய்த் திமிங்கலம் எந்த நிலையில் அங்கே இருக்கிறது என்பதை அறிய வேண்டும். அண்டார்க்டிக் கடலில் கூனிப்பொடிகளைத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி, ஜூலை முதல் அக்டோபர் வரையான காலத்தில் அது டோங்காவின் வெதுவெதுப்பான நீருக்கு வருகிறது. இணை சேர்வதும் ஈனுவதும் அங்கேதான். ஆனால் அங்கே அதற்கு இரை கிடையாது. பிறக்கும்போதே நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ ஒரு டன் எடையும் உள்ள குட்டிக்குக் கொடுக்கிற கொழுப்பு மிகுந்த பால் முழுவதும், தன் தோலுக்கடியில் சேமித்துவைத்த கொழுப்பிலிருந்து வர வேண்டும். தெற்கே திரும்பிச் செல்வதற்கான தெம்பும் அதே சேமிப்பிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு முறை படகைக் கண்டு அது இடம் மாறும்போதும் செலவாவது குட்டிக்கான பால். நம் ஊரில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள், 'பச்சை உடம்புக்காரி தூங்குகிறாள்' என்று சொல்லிவிட்டால் திண்ணையோடு திரும்பிவிடுவார்கள். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. கடலிலும் அவ்வளவுதான் வேண்டும்.

டோங்கா இந்த விஷயத்தில் பொறுப்பில்லாத நாடு அல்ல. 1978இல் மன்னர் நான்காம் தௌஃபாஆஹாவ் துபோவின் ஆணையால் அங்கே திமிங்கல வேட்டை நிறுத்தப்பட்டது. 2009இல் திமிங்கலம் காண்பதற்கும் அவற்றோடு நீந்துவதற்கும் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2013இல் விரிவான விதிகள் வந்தன. உரிமம் பெற்ற படகுகள் மட்டுமே நீந்துவோரை அழைத்துச் செல்லலாம். ஒரு நேரத்தில் நான்கு பேரும் ஒரு வழிகாட்டியும்தான் நீரில் இருக்கலாம். திமிங்கலத்தைத் தொடக் கூடாது; காற்றுக் கலனோடு மூழ்கி அதனருகே செல்லக் கூடாது. ஒரு கூட்டத்தோடு தொண்ணூறு நிமிடம் இருந்துவிட்டால், அடுத்த படகு வருவதற்கு முன் அந்தக் கூட்டத்துக்கு ஓய்வு விட்டாக வேண்டும். ஆகவே உரிமம் இருக்கிறதா என்பது உங்கள் முதல் கேள்வி. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். டோங்காவின் வவாவு தீவுக்கூட்டத்தில் ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, படகும் மனிதர்களும் அருகே இருக்கும்போது தாயும் குட்டியும் நீருக்கடியில் கழிக்கிற நேரம் கூடுவதைக் காட்டியது. ஓய்வு நேர விதி சரியாகப் பின்பற்றப்படவில்லை என்பதையும், திமிங்கலம் தெளிவாக விலகிப் போகும்போதும் ஆட்களை நீரில் இறக்குகிறார்கள் என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. உரிமம் வைத்திருக்கிற படகுகளுக்குள்ளேயே நல்லதும் கெட்டதும் உண்டு.

இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். வவாவுவில் முதல் நாள் நாங்கள் ஏறிய படகின் ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்த டோங்காக்காரர். ஒரு தாயும் குட்டியும் மிதப்பதைக் கண்டதும், வெகு தொலைவிலேயே விசையைத் தணித்துவிட்டார். குட்டி நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விட்டது. தாய் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. அந்தக் கணக்கு மாறாமல் இருக்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வழிகாட்டிப் பெண் மட்டும் ஓசையின்றி நீரில் இறங்கி, சற்றுத் தூரம் போய் முகத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். அதன் பின்தான் நாங்கள் நால்வரும் ஏணிப்படியில் உட்கார்ந்து வழுக்கி இறங்கினோம். கீழே நீலத்துக்குள் முதலில் தெரிந்தது திமிங்கலம் அல்ல, அதன் பக்கத் துடுப்புகளின் வெண்மை. உடலின் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள அந்தத் துடுப்புகள் இளம்பச்சையாக ஒளிர்ந்தன. பிறகுதான் அவற்றை வைத்திருந்த இருள் முழுவதும் ஓர் உடல் என்று புரிந்தது. குட்டி தாயின் தாடைக்கு அடியிலிருந்து புறப்பட்டு, வயிற்றைத் திருப்பிக் காட்டியபடி எங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. கருப்பையில் மடிந்து கிடந்த தழும்புகள் அதன் விலாவில் இன்னும் கோடுகளாக இருந்தன. மூன்றாவது முறை குட்டி எங்கள் பக்கம் வந்தபோது, தாய் மெல்ல எழுந்து குட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் தன் உடலைக் கொண்டுவந்து நிறுத்தியது. வழிகாட்டி உடனே எங்களைப் படகுக்குத் திருப்பினார். மொத்தம் பதினொரு நிமிடம். இவ்வளவு செலவு செய்து இதற்காகவே வந்தோமே என்று ஒருவர் வருத்தப்பட்டபோது, ஓட்டுநர் அவரிடம் பொறுமையாக, "அவள் போகச் சொல்லிவிட்டாள்" என்றார். அதன் பிறகு அன்று வேறு திமிங்கலம் கிடைக்கவில்லை.

இன்னொரு நாள் வேறொரு படகில் சென்றேன். நீந்திச் செல்லும் தாயையும் குட்டியையும் சுற்றிவளைத்து முன்னால் போய், அவை வரும் பாதையில் எங்களை இறக்கினார்கள். அவை மூழ்கிப் பாதையை மாற்றின. மறுபடி ஏறச் சொல்லி, மறுபடி முந்திச் சென்று, மறுபடி இறக்கினார்கள். நான்கு முறை இது நடந்தது. நான்காவது முறை குட்டி மூச்சுக்கு மேலே வந்த இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. நான் படகில் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மூன்று நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் எழுதிச் சிலவற்றைக் கேளுங்கள். திமிங்கலம் விலகிச் சென்றால் எத்தனை முறை மறுபடி நெருங்குவீர்கள் என்று கேளுங்கள். 'அது நகர்ந்தால் நாங்கள் விட்டுவிடுவோம்' என்பதற்கு அருகில் வருகிற பதில் நல்ல பதில். ஒரே தாயிடம் வேறு படகுகள் காத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 'முறை வைத்துப் போவோம்' என்பது கேட்க நாகரிகமாக இருக்கும். ஆனால் ஒரு படகு விலகியதும் அடுத்தது, அது விலகியதும் அதற்கடுத்தது என்று நாள் முழுவதும் போனால், அந்தத் தாய்க்கு உறக்கம் ஏது? 'வரிசை இருந்தால் வேறு பக்கம் தேடுவோம்' என்று சொல்கிறவரிடம் பணம் கட்டுங்கள். சென்ற பருவத்தில் யாரையும் இறக்காமல் திரும்பிய நாட்கள் உண்டா என்றும் கேளுங்கள். உண்மையாக நடப்பவர்கள் அதை ஒளிக்க மாட்டார்கள். படகில் எத்தனை பயணிகள் என்பதும் கணக்கு. எட்டுப் பேர் என்றால் இரண்டு குழு. பன்னிரண்டு என்றால் மூன்று குழு, அதாவது அதே திமிங்கலத்திடம் மூன்று முறை இறங்க வேண்டும். விளம்பரப் படங்களையும் கவனமாகப் பாருங்கள். மனிதர் கை நீட்டித் தொடும் தூரத்தில் குட்டி இருக்கிற படத்தைப் பெருமையாகப் போட்டிருப்பவர்கள், உங்களையும் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள்.

ஒரு நாளுக்கு மட்டும் முன்பதிவு செய்யாதீர்கள். மூன்று நாட்களாவது ஒதுக்குங்கள். ஒரே நாள் மட்டும் கையில் இருக்கிற பயணியின் அவசரம் படகோட்டிக்கும் தொற்றிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஞாயிறு ஓய்வு நாள் என்பது டோங்காவின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. திமிங்கலங்களுக்கும் அன்று ஓய்வு கிடைக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

உங்கள் நாட்டிலேயே ஒரு வழி உண்டு. குயின்ஸ்லாந்தின் ஹார்வே விரிகுடாவில், தெற்கே திரும்பும் திமிங்கலங்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தங்கிச் செல்கின்றன. அங்கே விசையை நிறுத்திவிட்டு, படகிலிருந்து மிதக்கவிட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். திமிங்கலத்துக்கு விருப்பம் இருந்தால் அது வரும். நீர் டோங்கா போலத் தெளிவாக இராது, படமும் நன்றாக வராது. ஆயினும் எனக்கு அந்த முறைதான் மிகவும் பிடித்திருக்கிறது. நியூசிலாந்தில் திமிங்கலங்களோடு நீந்துவதற்கே அனுமதி இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். போகாமலே இருந்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் சரியான முடிவாக இருக்கலாம்.

கேள்வி: எனக்கு நீச்சல் குளத்தில் நன்றாக நீந்தத் தெரியும். என் பன்னிரண்டு வயது மகளுக்கும் தெரியும். திமிங்கலத்தோடு நீந்துவதில் எங்களுக்கு ஆபத்து உண்டா? — ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: உண்டு. வளர்ந்த கூன்முதுகுத் திமிங்கலம் முப்பது டன் எடை வரை இருக்கும். அதற்கு உங்கள்மேல் பகை எதுவும் இல்லாவிட்டாலும், திரும்பும்போது வால் படுவது போதும். 2020 ஆகஸ்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ கடலில் திமிங்கலம் மோதி ஒரு பெண்ணுக்கு விலா எலும்புகள் முறிந்தன. ஒரு பெண் திமிங்கலத்துக்காகப் பல ஆண் திமிங்கலங்கள் முட்டிமோதி விரைகிற கூட்டத்தின் நடுவே யார் இறக்கினாலும் இறங்காதீர்கள்.

குளத்தில் பழகியது கடலுக்குப் போதாது. அடி தெரியாத ஆழம், மேடும் பள்ளமுமான அலை, படகு சற்றுத் தள்ளி நிற்கிற நிலை ஆகிய மூன்றும் சேரும்போது நல்ல நீச்சல்காரருக்கே மூச்சு வாங்கும். பதற்றத்தில் கையையும் காலையும் அடிப்பவரைக் கண்டால் திமிங்கலமும் விலகும். முகமூடி, மூச்சுக்குழாய், கால்துடுப்பு மூன்றையும் அணிந்து, அசையாமல் கவிழ்ந்து மிதக்க முதலில் ஊரிலேயே கடலில் பழகுங்கள். மகளுக்கு அந்த நிதானம் வரவில்லை என்றால் இந்த ஆண்டு படகிலிருந்தே பார்க்கட்டும். மூச்சு விடும் ஓசையை அருகிலிருந்து கேட்பதே பெரிய அனுபவம்.

கேள்வி: மிரிஸ்ஸவில் திமிங்கலங்களோடு நீந்த அழைத்துச் செல்வதாகச் சிலர் சொல்கிறார்கள். போகலாமா? — ஒரு வாசகி, கொழும்பு

பதில்: வேண்டாம். இலங்கையில் கடல் பாலூட்டிகளைக் காண்பது பற்றிய 2012ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நீரில் இறங்கக் கூடாது. படகும் நூறு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மேலும் அங்கே நீங்கள் பெரும்பாலும் காண்பது நீலத் திமிங்கலங்கள். அவை அங்கே இரை தேடிக்கொண்டிருப்பவை. தூரம் காத்து நிற்கும் படகில் சென்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: கூன்முதுகுத் திமிங்கலம் நம் கடலில் உண்டா? — ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அரபிக்கடலில் உண்டு. மற்றவை குளிர்கடலுக்கும் வெப்பக்கடலுக்கும் இடையே பயணம் செய்ய, இவை மட்டும் ஒரே கடலில் இரை தேடி, அங்கேயே குட்டியும் ஈனுகின்றன. ஓமான் கரையோரம் நூற்றுக்கும் குறைவாகவே இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இவற்றைத் தேடிப் படகு எடுத்துச் செல்வதை நினைத்தும் பார்க்கக் கூடாது. இந்தியாவில் திமிங்கலங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 2017 இறுதியில் ஓமான் கடலில் ஒரு பெண் திமிங்கலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். குந்திரிக்கத்துக்கு அரபியில் வழங்கும் லுபான் என்பதையே அதற்குப் பெயராக வைத்திருந்தார்கள். அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து, கோவா பக்கம் வந்து, கரையோரமாகவே தெற்கே இறங்கி, இந்தியாவின் தென்முனை வரை வந்துவிட்டு, மறுபடி ஓமானுக்கே திரும்பிச் சென்றது.