கூரை திறந்த எம்ஜிபியில் பாட்டுக் கேட்பது எப்படி? – கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஏபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையைத் திறக்கக்கூடிய, இருவர் அமரும்) கார்களை வைத்திருப்பவர்கள், அவற்றின் ஒலியமைப்பை மேம்படுத்துவது பற்றிக் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பழைய கார்களில் மின்வேலை பார்ப்பவன் என்பதால் ஸ்பீக்கருக்கு முன்னால் கம்பிகளைப் பற்றியே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது 1965ஆம் ஆண்டு கார். புதிய புளூடூத் ரேடியோ வாங்கியிருக்கிறேன். அப்படியே மாட்டிவிடலாமா?

மாட்டிவிடாதீர்கள். 1967இன் இறுதியில் மார்க் 2 என்னும் இரண்டாம் வடிவம் வரும்வரை எம்ஜிபியில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய ரேடியோவின் உலோகக்கூடு எதிர்முனையைச் சேர்ந்தது என்பதால், அது டேஷ்போர்டின் இரும்பில் பட்ட கணத்திலேயே ஷார்ட் ஆகிவிடும்.

காரை எதிர்முனை எர்த்துக்கு, அதாவது எதிர்முனை காரின் உடலோடு இணையும்படி, மாற்றிக்கொள்வதே நிலையான தீர்வு. பேட்டரி இணைப்புகளை இடம் மாற்றிய பிறகு, டைனமோவின் (பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவி) ‘எஃப்’ எனக் குறித்த முனையில் உள்ள கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் ஒரு கம்பியால் அந்த முனையை ஓரிரு நொடிகள் மட்டும் தொட்டெடுக்க வேண்டும். டைனமோவின் காந்தப்புலம் புதிய திசைக்குத் திரும்புவது இதனால்தான். இக்னிஷன் காயிலின் இரு சிறு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். பலர் மறந்துவிடுவது எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரை. 1964இன் இறுதி முதல் வந்த மின்சார டாக்கோமீட்டருக்கு நேர்முனை, எதிர்முனை என்ற பேதம் உண்டு. அதன் உட்புறத்தை மாற்றியமைக்காமல் மின்சாரம் கொடுத்தால் அது பாழாகிவிடும். இந்த வேலையைக் கருவி பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: மார்க் 1 கார், இன்னும் டைனமோதான். எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் தாங்கும்?

அந்தக் காரின் டைனமோ அதிகபட்சமாக 22 ஆம்பியர் தரும். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுழலும்போதுதான். முகப்பு விளக்குகளும் சிறு விளக்குகளும் ஏறக்குறைய 10 ஆம்பியரை எடுத்துக்கொள்கின்றன. இக்னிஷன், ஹீட்டர் விசிறி, வைப்பர் ஆகியவற்றையும் சேர்த்தால் மழை பெய்யும் இரவில் மிச்சம் என்று சொல்ல எதுவும் இராது. சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு மினுக்கினால், அந்த நேரத்தில் பாட்டுக்கான மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து போகிறது என்று பொருள்.

ஆகவே டைனமோவோடு நிறுத்திக்கொள்வதானால் மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் சிறிய ‘டி வகுப்பு’ ஆம்ப்ளிஃபயர் போதும். தொடர்ந்து 200 வாட் வேண்டுமென்றால் அதற்கு மட்டுமே 18 ஆம்பியர் அளவுக்குத் தேவைப்படும்; முதலில் டைனமோவை விடக் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கான மின்சாரத்தை ஃப்யூஸ் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். பேட்டரியிலிருந்து தனிக்கம்பி இழுத்து, பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ் வையுங்கள். இந்தக் காரில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளும் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பது வசதிதான், கம்பி நீளாது. ஆனால் இரண்டும் தொடராக இணைந்தவை என்பதால், ஒன்றின் இரு முனைகளில் மட்டும் கம்பி இணைத்தால் 6 வோல்ட்தான் கிடைக்கும்.

கேள்வி: கூரையை மூடினால் பாட்டு அருமையாக இருக்கிறது. கூரையைத் திறந்து 60 மைல் வேகத்தில் போனால் பாடகரின் குரல் மட்டும் கீச்சென்று கேட்கிறது. சப்வூஃபர் (தாழ்ஒலிக்கான ஸ்பீக்கர்) வைத்தால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். உங்கள் காரின் முழு நீளமே அதைவிடக் குறைவு. மூடிய காருக்குள் இவ்வகை ஒலி காற்றையே அழுத்தித் தளர்த்துவதால், கார் என்னும் பெட்டியே தாழ்ஒலியை உயர்த்திக் கொடுக்கிறது. கூரையை மடக்கியதும் அந்த உதவி போய்விடுகிறது. போதாததற்குக் காற்றின் இரைச்சலும் சாலையின் இரைச்சலும் தாழ்ஒலியிலேயே மிகுதியாக இருப்பதால், மிச்சமிருப்பதையும் அவை விழுங்கிவிடுகின்றன. அந்த வேகத்தில் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எனவே திறந்த காரில் சப்வூஃபர் வைப்பது, என் கணக்கில், காற்றுக்குக் காணிக்கை.

செலவு செய்ய வேண்டிய இடம் ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது கொடுக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் அது எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடுதலுக்கும் ஆம்ப்ளிஃபயரின் ஆற்றல் இருமடங்காக வேண்டும் என்பதால், 87 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தரும் சத்தத்தை 93 டெசிபல் ஸ்பீக்கர் 12.5 வாட்டிலேயே தந்துவிடும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘உச்ச வாட்’ எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். அடுத்ததாக, 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை ஃபில்டர் வைத்து வெட்டிவிடுங்கள். கேட்காத ஒலிக்காகக் கூம்பு வீணாக அடித்துக்கொள்ளாது. 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்று உயர்த்தினால் குரலுக்கு உடம்பு கிடைக்கும்.

கேள்வி: கதவில் ஸ்பீக்கர் வைக்கலாமா? மழைத்தண்ணீர் என்ன செய்யும்?

வைக்கலாம், ஆனால் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிட்டு ஆழத்தை அளந்த பிறகே வாங்குங்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு காரின் கதவு அட்டையைக் கழற்றியபோது, காந்தத்தின் மேல் துரு பொருக்குத் தட்டியிருந்தது. காகிதக் கூம்போ நனைந்த அப்பளம் போலத் தொங்கியது. கண்ணாடியின் ஓரமாக இறங்கும் நீர் கதவுக்குள் வழிந்து அடியிலுள்ள துளைகளால் வெளியேறும்படிதான் இந்தக் கதவு அமைந்திருக்கிறது. அந்தத் துளைகளில் குப்பை அடைத்திருந்தது. துளைகளைச் சுத்தம் செய்து, ஸ்பீக்கருக்குப் பின்னால் மேற்புறம் ஒரு பிளாஸ்டிக் மறைப்பும் வைத்துவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் கொண்ட, படகுகளுக்காகச் செய்யப்படும் ஸ்பீக்கர்கள் வெயிலையும் நீரையும் தாங்கும்.

மூலக் கதவு அட்டையை மட்டும் வெட்டாதீர்கள். மாற்று அட்டை வாங்கி அதில் துளையிட்டு, பழையதைப் பத்திரமாக வையுங்கள். அதைவிட எனக்குப் பிடித்த இடம், கால்வைக்கும் பகுதியின் பக்கச்சுவர். அங்கே நீரும் குறைவு, காற்றும் குறைவு.

கேள்வி: 1972 காரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙீ’ என்ற ஒலி ஏறுகிறது. ஏன்?

அது ஆல்டர்னேட்டரின் ஒலி. ஆம்ப்ளிஃபயரிலிருந்து சிக்னல் கம்பிகளை உருவிவிட்டுக் கேளுங்கள். ஒலி நின்றுவிட்டால், ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருக்கக்கூடும். இரண்டையும் பெயின்ட் சுரண்டிய ஒரே இடத்தில் எர்த் செய்யுங்கள். நிற்காவிட்டால், குறை இருப்பது மின்சாரக் கம்பியின் பக்கம். ‘டிக் டிக்’ என்று கேட்டால் அது இக்னிஷன். மின்தடையுள்ள ஸ்பார்க் பிளக் கம்பிகளை மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: பழைய ரேடியோவைக் கழற்ற மனமில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. முகப்பையும் குமிழ்களையும் அப்படியே வைத்து, உள்ளே எஃப்எம், புளூடூத் கொண்ட புதிய பலகையைப் பொருத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு செலவு வேண்டாமென்றால், ரேடியோவை அலங்காரமாக விட்டுவிட்டு, புளூடூத் ரிசீவருடன் கூடிய சிறு ஆம்ப்ளிஃபயரை இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். பேட்டரிப் பெட்டிக்குள் வேண்டாம், அங்கே அமிலப்புகை இருக்கும். கூரை திறந்த காரை வெளியில் நிறுத்திவிட்டுப் போகும்போது, கண்ணில் படுவதற்குப் புதிய ரேடியோ எதுவும் இருக்காது.