குளத்துக் கரை எந்தப் பக்கம்?

கேள்வி: பாளையங்கோட்டையில் நாங்கள் ஐந்து நண்பர்கள். பொங்கல் விடுமுறையில் ஒருநாள் காரில் கூந்தன்குளம், அக்கம்பக்கக் குளங்கள் என்று பறவை பார்க்கக் கிளம்பலாம் என்றிருக்கிறோம். போன வருஷம் ஏழெட்டுக் குளம் சுற்றினோம். எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரிந்தது, மதியத்துக்குள் அலுத்துவிட்டது. இரண்டு பேரிடம் மட்டும் பைனாகுலர் இருக்கிறது. இந்த முறை எப்படிப் போவது?

பதில்: 'கறுப்பாகத்தான் தெரிந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அதிலேயே இருக்கிறது. சூரியனைப் பார்த்தபடி நின்று பறவையைத் தேடியிருக்கிறீர்கள்.

நம் பக்கத்து நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை, அதாவது தண்ணீரைத் தேக்கும் மண்மேடு, கிழக்குப் பக்கம் இருக்கும், தண்ணீர் அதற்கு மேற்கே கிடக்கும். காலையில் கரைப் பக்கம் நின்றால் வெயில் முதுகில் அடிக்கும். ஆண் ஊசிவால் வாத்தின் கழுத்தில் ஏறுகிற வெள்ளைக் கோடு வரைக்கும் துல்லியமாகத் தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு நின்றால் தண்ணீர் தகரம் மாதிரி மின்னும், வாத்தெல்லாம் கரித்துண்டு. மாலையில் மேற்கே, உள்வாய்ப் பக்கம் (கரைக்கு எதிரே, தண்ணீர் உள்ளே வரும் ஆழமில்லாத பக்கம்) போய்விட வேண்டும். முந்தின ராத்திரி கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து ஒவ்வொரு குளத்துக்கும் கரை எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.

அடுத்து, குளங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். காலையில் கூந்தன்குளம், மாலையில் நாங்குநேரி அல்லது விஜயநாராயணம் பெரியகுளம். இரண்டு போதும். ஜனவரியில் இங்கே 6.35 வாக்கில்தான் பொழுது விடியும். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகிறீர்கள் என்றால் ஐந்தேகாலுக்குக் கிளம்புங்கள். வெளிச்சம் வரும்போது கரையடியில் இருக்கலாம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது "குளத்துல தண்ணி எப்படிக் கெடக்கு?" என்று கேட்டுவிடுங்கள். வறண்டிருந்தால் போய்ப் பயனில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மறுகால் பாய்கிற, அதாவது உபரித் தண்ணீர் வழிகிற அளவுக்கு நிரம்பிக் கிடந்தாலும் சிக்கல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சேற்றில் இரை தேடுகிற சிறு பறவைகளான உள்ளான்களுக்குக் கால் நனைகிற ஆழமும் சேறும் வேண்டும். குளம் முட்ட நிறைந்த வருஷம் அவை பிசானப் பருவ நெல் வயல்களுக்கும் உள்வாய் ஓரத்துக்கும் போய்விடும். வாத்துகள் நட்ட நடுவில் புள்ளியாக நிற்கும். அப்படிப்பட்ட வருஷத்தில் குளத்தை விட வயல்காட்டுச் சாலைக்கு அதிக நேரம் கொடுங்கள்.

கரைமேல் ஏறி நிற்காதீர்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குளத்தில் நான் செய்த முட்டாள்தனம் இது. விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி நின்றேன். கிட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக்கூட்டம் மொத்தமும் இரைச்சலோடு எழும்பி எதிர்க்கரைக்குப் போய்விட்டது. பின்னால் மூச்சிரைக்க வந்த நண்பர்கள் வெறும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கிற மனித உருவத்துக்குப் பறவைகள் அப்படிப் பயப்படும். வெளிச்சரிவில் உட்கார்ந்து தலை மட்டும் தெரிகிற மாதிரி பாருங்கள். ஒரு பனையோடு ஒட்டி நின்றாலும் சரி. ஐந்து பேரும் ஒரே இடத்தில், குறைந்தது ஒரு மணி நேரம்.

ஒரு மணி நேரம் என்ன செய்வது என்றால், நாமக்கோழிகளைக் கவனியுங்கள். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நீர்ப்பறவை. பரந்து மேய்ந்துகொண்டிருந்தவை திடீரென்று நெருக்கியடித்து ஒரே கறுப்புத் திட்டாகச் சேர்ந்தால் மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து வந்திருக்கும். இறக்கையை லேசாக 'வி' போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு தாழப் பறக்கும். கிளுவை என்கிற சிறு வாத்துகள் கூட்டமாக எழும்பும், நாமக்கோழிகள் தண்ணீரிலேயே கூடி நிற்கும். இந்த ஒரு காட்சிக்காகவே நான் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவேன்.

கூந்தன்குளத்தில் எல்லாரும் தேடுவது வரித்தலை வாத்தை. திபெத், மங்கோலியா மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி இங்கே வருவது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. ராத்திரியும் விடிகாலையும் வயலில் மேயும், வெயில் ஏறியபின் குளத்துக்கு வந்து ஓய்வெடுக்கும். ஆகவே விடிந்ததும் குளத்தில் காணோமே என்று கிளம்பிவிடாதீர்கள்.

ஊருக்குள்ளே நடக்கும்போது வீட்டு மரங்களை அண்ணாந்து பாருங்கள். 1994-ல் சரணாலயம், 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியல் என்றெல்லாம் ஆவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பாதுகாத்த கூடுகள் அவை. புழக்கடையில் நாரை எச்சம் விழுந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். அங்கே போய் ஃபிளாஷ் அடிப்பது, கைதட்டிப் பறக்கவிட்டுப் படமெடுப்பது எல்லாம் அசிங்கம்.

வெயில் ஏறியபின் சாலைக்கு வாருங்கள். கார் ஒரு நல்ல மறைவிடம். இறங்கினால் பறந்துவிடும் பனங்காடை, காரை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தால் கம்பியிலேயே உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். பறந்தால்தான் அந்த நீலம் விரியும். இன்ஜின் ஓடினால் பைனாகுலர் நடுங்கும், அணைத்தே தீர வேண்டும். பழைய துணிப்பையில் ஒரு கிலோ அரிசி கட்டிக் கண்ணாடி இறக்கிய கதவு விளிம்பில் வைத்து அதன்மேல் கேமராவைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கம்பியில் வரிசையாகத் தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான் இருக்கும். முள்மர உச்சியில் கொள்ளைக்காரன் மாதிரி கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய பழுப்புக் கீச்சானையும் தேடுங்கள். குளிர்காலத்துக்கு மட்டும் வருகிற விருந்தாளி. வளைவிலும் பாலத்திலும் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், மினிபஸ்கள் பறந்து வரும்.

பைனாகுலர் இரண்டே போதும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று கைமாற்றுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. பத்து மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கை நடுக்கமும் பத்து மடங்காகும். "அதோ, அதோ" என்று விரலை நீட்டினால் யாருக்கும் புரியாது. "மூணாவது பனைக்கு நேர் கீழே, தண்ணி ஓரம்" என்று சொல்லிப் பழகுங்கள்.

விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவர்ப் பக்கம் பெரிய லென்ஸைத் தூக்காதீர்கள், டிரோன் நினைப்பே வேண்டாம். கழிப்பறைக்கு நாங்குநேரி நான்குவழிச்சாலையின் பெட்ரோல் பங்குகள்தான் கதி. பெண்கள் கூட வந்தால் மதிய நிறுத்தத்தை அதையொட்டி வையுங்கள். வழியில் பனங்கிழங்கு விற்றால் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மதியத் தூக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. நார் உரிப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

நீங்கள் போவது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நாட்களாக இருந்தால் எண்ணிக்கையை இபேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். ஓரிடத்தில் 15 நிமிஷமாவது நின்று எண்ண வேண்டும் என்பது அதன் விதி. உங்கள் குழுவுக்கு அந்த விதி நன்றாகவே பொருந்தும். பிடித்துப்போனால், 2011 முதல் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான் வருகிறது, புதியவர்களும் சேரலாம்.

வீடு திரும்பியதும் அந்த ஒரு கிலோ அரிசியை மறக்காமல் டப்பாவில் கொட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி இன்னும் பேச்சு ஓடுகிறது.