ஏடிஎம் கார்டு பையன் கையை விட்டுப் போகக் கூடாது

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 14 ஆண்டு வேலை செய்த என் கணவருக்கு ஆள்குறைப்பில் வேலை போய் ஐந்து வாரமாகிறது. இப்போது என் சம்பளம் மட்டும்தான். படிவம் 4 படிக்கும் மகனுக்கு வயது 16. டியூஷனை நிறுத்தியதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான். ஏடிஎம் கார்டைக் கொடுத்தால் மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகக் கூட்டாளியின் அண்ணன் சொன்னாராம். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? - வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கார்டு விஷயத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. கார்டு இன்னும் மகனிடம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அதட்டிக் கேட்டால் இல்லாததைச் சொல்வான். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நடப்பது இதுதான். எங்கேயோ ஒரு வயதானவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம் உங்கள் மகன் கணக்கில் வந்து விழும். கார்டும் ரகசிய எண்ணும் வைத்திருப்பவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். போலீஸ் தேடிவருவது கணக்கில் பெயர் உள்ளவனை. 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, கணக்கை அடுத்தவர் கையில் கொடுப்பதே தனிக் குற்றம். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது காப்பாற்றாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டான் என்றால், வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், மோசடிப் புகார்களைக் கவனிக்கும் தேசிய மையத்தின் 997 எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள், போலீஸில் புகார் செய்யுங்கள். மூன்றையும் ஒரே நாளில் முடியுங்கள்.

இந்த ஆட்கள் தெரியாதவர்களாக வருவதில்லை. கூட்டாளியின் அண்ணன், பந்து விளையாடும் இடத்தில் பழகியவர் என்றுதான் வருவார்கள். எந்த வீட்டில் கஷ்டம் என்பது அவர்களுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. உங்கள் கணவரையும் தேடி வருவார்கள்: 'ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துத் தருகிறேன்', 'சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விண்ணப்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், கமிஷன் கொடுத்தால் போதும்', 'முன்பணம் கட்டுங்கள், நாளைக்கே கடன்'. கடன் தரும் முன்பே காசு கேட்பவன் ஏமாற்றுக்காரன். சொக்சோ விண்ணப்பத்துக்கு ஒரு காசும் கிடையாது.

உங்கள் கணவர் அந்த விண்ணப்பத்தைச் செய்துவிட்டாரா? எழுதவில்லையே. வேலை இழந்தவர்களுக்கு சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது, 2018இலிருந்து நடக்கிறது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு (உச்சவரம்பு உண்டு), பிறகு அதைவிடக் குறைந்த விகிதத்தில் ஆறு மாதம்வரை கிடைக்கும். ஆனால் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் கொஞ்சம்தான் மிச்சம். இந்த 60 நாள் கணக்கைக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பும் நாளிலேயே ஏன் எழுதிக் கொடுப்பதில்லை? பல ஆண்டு சந்தா கட்டியவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். தானாக வேலையை விட்டவருக்கு இந்த உதவி கிடையாது. அதனால் கம்பெனி கொடுத்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். வெறும் 'ராஜினாமா' என்று எழுதி அவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். அதே நேரம், வி.எஸ்.எஸ். எனப்படும் தன்விருப்ப விலகல் திட்டத்தில் வெளியேறியிருந்தால் அது ராஜினாமா ஆகாது, உதவி உண்டு. பெயரில் 'தன்விருப்பம்' என்றிருப்பதைப் பார்த்து, நமக்குக் கிடைக்காது என்று நிறையப் பேர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். வற்புறுத்தி ராஜினாமா வாங்கியிருந்தாலும் சும்மா இருக்க வேண்டாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்கு நேரில் போய் நடந்ததைச் சொல்லுங்கள்.

வீட்டுக் கடனோ கார் கடனோ இருந்தால், தவணை தவறும் முன்பே கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேவுக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனை இலவசம்.

இனி மகன். அவன் கோபம் டியூஷனுக்காக மட்டும் இருக்காது. யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லாமல் முடிவெடுத்தீர்கள் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் அவனோடு உட்கார்ந்து, வரவு இவ்வளவு, வாடகை அல்லது தவணை இவ்வளவு, மின்சாரம், மளிகை என்று அவன் கையாலேயே எழுதவையுங்கள். தொகையை மறைக்காதீர்கள். எதைக் குறைப்பது என்பதில் அவனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். ஒருவேளை போன் டேட்டாவைக் குறைத்துக் கணக்குப் பாட டியூஷனை மட்டும் வைத்துக்கொள்வான். அப்பா முன்னால் 'உன்னால்தான்' என்ற பேச்சு மட்டும் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, உதவி நிதிக்கான விண்ணப்பப் படிவத்தைக் கேளுங்கள். அவராகக் கூப்பிடுவார் என்று காத்திருக்காதீர்கள்.

வேலைக்குப் போவதில் தப்பில்லை. பள்ளியை விடுவதுதான் கூடாது. 15 வயதுக்கு மேல் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 8 முதல் காலை 6 வரை வேலை வாங்கக் கூடாது. நள்ளிரவுவரை நிற்கச் சொல்லும் கடை எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். சனி, ஞாயிறு பகலில் போகட்டும். அந்தச் சம்பளத்தை வீட்டுத் தவணைக்கு வாங்காதீர்கள்; அவன் பஸ் செலவும் கேன்டீன் செலவும் அதிலிருந்து போகட்டும், மிச்சம் அவன் கணக்கிலேயே இருக்கட்டும்.