மூப்பர்கள் என்ன ஆனார்கள்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சபையின் வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் போன வாரம் 1 சாமுவேல் எட்டாம் அதிகாரம் படித்தோம். மற்ற ஜாதிகளைப்போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று இஸ்ரவேலின் மூப்பர்கள், அதாவது ஊர்ப் பெரியவர்கள், அன்று ஜனத்தை வழிநடத்திய தீர்க்கதரிசி சாமுவேலிடம் வந்து கேட்கும் பகுதி. பேச்சு சீக்கிரமே இன்றைய அரசியலுக்கு வந்துவிட்டது. "ஆளுக்கொரு பேச்சுப் பேசியே நாடு கெட்டுப்போகிறது, யாரையும் கேட்காமல் முடிவெடுக்கிற ஒருத்தர் வந்தால்தான் உருப்படும்" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். இன்னொருவர், ராஜா கேட்டதே பாவம், ராஜாக்களுக்கு முன் தலைவர்கள் அவ்வப்போது எழும்பி வழிநடத்திய நியாயாதிபதிகள் காலம்தான் பொற்காலம் என்றார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ராஜாக்கள் வந்த பிறகு அந்தச் சமூகத்தில் உண்மையில் என்ன மாறியது? அதில் இன்று நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பொற்காலம் என்ற பேச்சை முதலில் தள்ளிவிடலாம். நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி மூன்று அதிகாரங்களைப் படித்த யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். கிபியாவில் ஒரு பெண்ணுக்கு விடிய விடிய நடந்த கொடுமையும், அதைத் தொடர்ந்து ஒரு கோத்திரமே அழியும் அளவுக்குப் போன சண்டையும் அங்கே இருக்கின்றன. வெளியிலோ கடலோரத்து எதிரிகளான பெலிஸ்தர். இஸ்ரவேலில் கொல்லன் கிடையாது, கோடரியைத் தீட்டுவதற்குக்கூட பெலிஸ்தரிடம் இறங்கிப் போக வேண்டும் என்று 1 சாமுவேல் 13 சொல்கிறது. உடன்படிக்கைப் பெட்டியையே போரில் பறிகொடுத்த ஜனம் அது. உள்ளே, சாமுவேலின் பிள்ளைகள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயம் விசாரிக்கும் இடத்தில் உட்கார்ந்து லஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அங்கே உட்காரவைத்தது யார்? சாமுவேல்தான். ராஜா வேண்டாம் என்று எச்சரித்தவரே தன் பதவியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். பிரசங்கங்களில் இந்த இடத்தை மெதுவாகத் தாண்டிவிடுகிறார்கள். சாமுவேலின் ஊரான ராமாவுக்கு வந்த மூப்பர்களின் குறை நியாயமான குறை என்பதை ஒத்துக்கொள்ளாமல் இந்த அதிகாரத்தைப் படிக்கவே முடியாது.

சாமுவேல் அவர்களுக்குச் சொன்ன பதில் உங்களுக்கு நினைவிருக்கும். ராஜா உங்கள் பிள்ளைகளை ரதங்களுக்கு முன் ஓடவும் தன் நிலத்தை உழவும் எடுத்துக்கொள்வான், பெண்பிள்ளைகளைத் தைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும் எடுத்துக்கொள்வான், நல்ல வயலையும் திராட்சத்தோட்டத்தையும் ஒலிவத்தோப்பையும் பிடுங்கித் தன் ஊழியக்காரருக்குக் கொடுப்பான், தானியத்திலும் ஆட்டிலும் பத்தில் ஒரு பங்கு கேட்பான், கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமைகள். ராஜாக்களின் ஆட்சியை அனுபவித்த பிற்காலத்தார் இதை எழுதியிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், அக்காலத்துக் கானான் நகர அரசுகளின் நடப்பே இதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படி இருந்தாலும் இது பட்டவர்களின் சாட்சி. மந்திரிமாரைப் பற்றியோ வெற்றிகளைப் பற்றியோ ஒரு சொல் இல்லாமல், ஒரு வீட்டிலிருந்து என்னென்ன போகும் என்று மட்டும் சொல்கிற பட்டியல்.

என்ன மாறியது என்று கேட்டீர்கள். வரி, சேனை, அரண்மனை எல்லாம் வந்தன, அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ராஜா வேண்டும் என்று கேட்டுப் போன அந்த மூப்பர்களை. அவர்கள் என்ன ஆனார்கள்?

கி.மு. 12, 11ஆம் நூற்றாண்டுகளில் மலைநாட்டில் இருந்தவை சின்னச் சின்ன ஊர்கள். சரிவில் படிப்படியாக வெட்டிய வயல், பாறையில் குடைந்த தொட்டி, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லாத வீடுகள். அரண்மனை என்று சொல்ல எதுவும் அங்கே தோண்டியெடுக்கப்படவில்லை. அப்படிப்பட்ட ஊரில் நிலத் தகராறு, கடன், கொலை எல்லாம் ஊர்வாசலில் மூப்பர்கள் முன்னால்தான் வரும். ரூத்தின் கதையில் போவாஸ் பத்து மூப்பர்களை வாசலில் உட்காரவைத்து நிலத்தைப் பேசி முடிக்கிறாரே, அதுதான். நிலம் குடும்பத்தைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலையில் முக்கியமானது.

ஆரம்பத்தில் ராஜாவும் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார். முற்றுகையில் சிக்கிய யாபேஸ் ஊரிலிருந்து உதவி கேட்டு ஆள் வந்தபோது முதல் ராஜா சவுல் வயலிலிருந்து மாடுகளின் பின்னால் வந்துகொண்டிருந்தார். அடுத்து வந்த தாவீது எப்ரோனில் மூப்பர்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகே இஸ்ரவேல் முழுமைக்கும் ராஜாவாக அபிஷேகம் பெற்றார். ஆனால் தாவீதின் அதிகாரிகள் பட்டியல் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2 சாமுவேல் எட்டாம் அதிகாரப் பட்டியலில் இல்லாத ஒரு பதவி இருபதாம் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது: கட்டாய வேலைக்குப் பொறுப்பான அதோராம்.

தாவீதின் மகன் சாலொமோன் காலத்தில் அந்தப் பதவிதான் ராஜ்யத்தின் முதுகெலும்பு. லீபனோனில் மரம் வெட்ட 30,000 அமஞ்சி (கட்டாய வேலை) ஆட்கள், மாதத்துக்கு 10,000 பேராக முறைவைத்து அனுப்பப்பட்டார்கள் என்கிறது 1 இராஜாக்கள். தேசத்தைப் பன்னிரண்டு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் வருடத்தில் ஒரு மாதம் அரண்மனைக்குச் சாப்பாடு போட வேண்டும். பகுதிக்கு ஒரு அதிகாரி, அவர்களில் இரண்டு பேர் ராஜாவின் மருமகன்கள். ஆலயம் கட்ட ஏழு வருடம், அரண்மனை கட்டப் பதின்மூன்று வருடம். கலிலேயாவில் இருபது ஊர்களை, அங்கிருந்த ஜனத்தோடு, தீரு ராஜா ஈராமுக்குக் கொடுத்துவிட்டார். இந்த எண்களும் சாலொமோன் ராஜ்யத்தின் அளவும் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதில் அகழாய்வாளர்களுக்குள் பலத்த விவாதம் உண்டு. ஆனால் ஊருக்கும் அரண்மனைக்கும் நடுவில், மூப்பர்களைத் தாண்டி, மேலிருந்து நியமிக்கப்பட்ட ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார் என்பதைத்தான் இந்த நினைவு பத்திரமாக வைத்திருக்கிறது.

அதன் விலை கி.மு. 930 வாக்கில் தெரிந்தது. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவாக முடிசூட சீகேம் நகரத்துக்கு வருகிறார், பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று ஜனம் கேட்கிறது. இறங்கிப் போங்கள், நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள் தகப்பனோடு இருந்த முதியவர்கள். ரெகொபெயாம் தன்னோடு வளர்ந்த வாலிபர்கள் பேச்சைக் கேட்டு, என் தகப்பன் சவுக்கால் அடித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்றார். அப்புறம் சமாதானம் பேச அனுப்பியது யாரைத் தெரியுமா? கட்டாய வேலைக்குப் பொறுப்பான அதே அதோராமை. ஜனம் கல்லெறிந்து கொன்றது, ராஜ்யம் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று இரண்டானது.

நாபோத்தின் கதைக்கு வருகிறேன், எனக்கு இதுதான் மையம். வடக்கு ராஜ்யத்தின் ராஜா ஆகாப், தன் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு நியாயமான விலை கொடுக்கிறேன் என்கிறார், அல்லது அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்கிறார். நாபோத், இது என் முன்னோரின் சொத்து, தர மாட்டேன் என்று சொல்லிவிடுகிறார். ராஜா என்ன செய்தார்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். கவனியுங்கள், அதுவரைக்கும் ஒரு குடிமகன் ராஜாவிடம் இல்லை என்று சொல்ல முடிந்தது, ராஜாவும் அதற்குமேல் போக வழி தெரியாமல்தான் இருந்தார். அவர் மனைவி யேசபேல் படையை அனுப்பவில்லை. ராஜாவின் முத்திரை போட்டு நாபோத்தின் ஊர் மூப்பர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். உபவாசம் கூறுங்கள், நாபோத்தை ஜனத்தின் முன்னால் உட்காரவையுங்கள், இரண்டு சாட்சிகளைக் கொண்டு வாருங்கள், அவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சொல்ல வையுங்கள். மூப்பர்கள் ஒன்று விடாமல் செய்தார்கள். சபை கூடியது, சட்டப்படி இரண்டு சாட்சி இருந்தது, தீர்ப்பு வந்தது, கல்லெறிந்தார்கள். ஊரின் பழைய முறை முழுக்க அப்படியே இருந்தது, அதை வைத்தே அந்த மனிதரைக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. நாபோத்தைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்.

இதே ஆகாப், சீரியா ராஜா பெனாதாத் முற்றுகை போட்டபோது மூப்பர்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டிருக்கிறார், அவர்களும் பணியாதீர்கள் என்று துணிந்து சொன்னார்கள். அந்நிய ராஜாவை எதிர்க்க முடிந்தது, சொந்த ராஜாவின் முத்திரையை எதிர்க்க முடியவில்லை. ஆகாபின் வம்சத்தை ஒழிக்கப் படைத்தலைவன் யெகூ எழும்பியபோது அவரும் மூப்பர்களுக்குத்தான் கடிதம் எழுதினார். நீர் சொல்வதை எல்லாம் செய்கிறோம் என்று பதில் எழுதிவிட்டு, ஆகாபின் மகன்கள் எழுபது பேரின் தலைகளைக் கூடைகளில் வைத்து யெஸ்ரயேலுக்கு அனுப்பினார்கள். ராமாவில் சாமுவேலை எதிர்த்துப் பேசிய அதே ஸ்தாபனம் வந்து சேர்ந்த இடம் இது.

இதை ராஜா நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்குள் அடைக்க முடியாது என்பதுதான் உங்கள் பெரியவருக்கு என் பதில். யூதாவை ஆண்ட எசேக்கியா நல்ல ராஜா என்று பெயர் எடுத்தவர், அவர் காலத்து ஜாடிகளின் கைப்பிடிகள் ஆயிரத்துக்கும் மேல் 'ராஜாவுக்குரியது' என்ற முத்திரையோடு கிடைத்திருக்கின்றன. பிற்பாடு யூதாவை ஆண்ட யோசியாவின் காலம் என்று பொதுவாகக் கருதப்படும் ஒரு மனு, பானை ஓட்டில் மையால் எழுதியது, 1960இல் மெசாத் ஹஷவ்யாகு என்ற கடலோரக் கோட்டையில் கிடைத்தது. அறுவடை செய்த ஒரு கூலியாள், என் அளவை முடித்துவிட்டேன், ஆனாலும் என் மேலாடையைப் பிடுங்கிவிட்டார்கள், என்னோடு அறுத்தவர்களைக் கேளுங்கள் என்று அதிகாரியிடம் முறையிடுகிறார். அடகு வாங்கிய மேலாடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு என்று யாத்திராகமத்தில் சட்டம் இருக்கிறது. யோசியாவும் நல்ல ராஜாதான். அந்த மனிதருக்கு ஆடை திரும்பக் கிடைத்ததா என்பதற்குப் பதில் எந்த ஓட்டிலும் இல்லை.

உபாகமம் 17 ராஜாவுக்கு வரம்பு போடுகிறது: குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்காதே, நியாயப்பிரமாணத்தை ஒரு பிரதி எழுதி நாள்தோறும் படி. அருமையான சட்டம். மீறினால் யார் தடுப்பது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இன்றோடு முடிச்சுப் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் சாமுவேலின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய தலைவர்களில் யார் ஆகாப் என்று தேட வேண்டாம், அது சுலபமான வேலை, பயனும் இல்லை. உங்கள் ஊர் மன்றத்தைப் பாருங்கள், தொழிற்சங்கத்தை, கல்லூரி நிர்வாகத்தை, உங்கள் சபைக் கமிட்டியையே பாருங்கள். மேலிருந்து ஒரு கடிதம் வந்தால், முடியாது என்று தீர்மானம் போட்டுத் திருப்பி அனுப்புகிற தைரியம் அவற்றில் எத்தனைக்கு இருக்கிறது? வலுவான ஒருவர் வரட்டும் என்று கேட்கிறவர்கள் தங்கள் குறையைத் தீர்க்கத்தான் கேட்கிறார்கள், அந்த மூப்பர்களும் அப்படித்தான் கேட்டார்கள். அவர்கள் செய்யத் தவறியது, எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, தொட்டால் யார் கேட்பது என்பதை அன்றைக்கே பேசாதது. சாமுவேல் பட்டியலை வாசித்துக் காட்டியபோது, அப்படியல்ல, எங்களுக்கு ராஜா வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். ஒரு நிபந்தனைகூட வைக்கவில்லை.

கடைசியாக ஒன்று, உங்கள் கூட்டத்தில் அடுத்து எரேமியா 26ஆம் அதிகாரத்தை எடுங்கள். யோசியாவின் மகன் யோயாக்கீம் ஆட்சியின் தொடக்கம், கி.மு. 609 வாக்கு. ஆலயம் பாழாகும் என்று சொன்ன தீர்க்கதரிசி எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று ஆசாரியர்களே கேட்கிறார்கள். அப்போது தேசத்து மூப்பரில் சிலர் எழுந்து, நூறு வருடத்துக்கு முன் மீகா தீர்க்கதரிசியும் இதையேதானே சொன்னார், எசேக்கியா அவரைக் கொன்றாரா என்று கேட்டார்கள். அதிகாரிகளில் அகீக்காம் துணை நின்றார், எரேமியா தப்பினார். அதே அதிகாரத்தில், அதே வார்த்தைகளைச் சொன்ன உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசியும் இருக்கிறார். எகிப்துக்கு ஓடிப்போனவரைப் பிடித்து வந்து யோயாக்கீம் வெட்டிக் கொன்றார். அவருக்காக எழுந்து பேசிய ஒருவர் பெயரும் அங்கே இல்லை. இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பேசுங்கள், அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.