ஐரோப்பாவின் 'கார்பன் சந்தை' எப்படி வேலை செய்கிறது?

ஆலைகளும் மின் நிலையங்களும் எவ்வளவு கரியமில வாயு விடலாம் என்று மொத்தமாக ஒரு வரம்பு வைத்து, அதை அனுமதிச் சீட்டுகளாகப் பிரித்து வாங்க விற்க விடுவதுதான் கார்பன் சந்தை. ஒரு டன்னுக்கு ஒரு சீட்டு. ஐரோப்பிய ஒன்றியம் இதை 2005-இல் தொடங்கியது.

கோடையில் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர் வருகிறது, குடத்துக்கு ஒரு டோக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கனமான வீடு மிச்ச டோக்கனைப் பக்கத்து வீட்டுக்கு விற்கலாம். மாதாமாதம் டோக்கன் குறையும் என்று தெரிந்தால்? ஒழுகும் குழாயை அவரவரே சரிசெய்துவிடுவார்கள். கார்பன் சந்தையிலும் அப்படித்தான்: யாரால் புகையை மலிவாகக் குறைக்க முடியுமோ அவர் முதலில் குறைப்பார்.

ஆரம்பத்தில் சொதப்பினார்கள். சீட்டுகளைத் தேவைக்கு மேல், பெரும்பாலும் இலவசமாகவே, வாரிக் கொடுத்ததால் 2007-இல் விலை கிட்டத்தட்ட பூஜ்யம். அப்புறம் இறுக்கினார்கள். 2023-இல் இந்தத் துறைகள் விட்ட வாயு 2005-ஐ விட ஏறக்குறைய 47% குறைவு. காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கும் அதில் பெரிய பங்குண்டு.

'காசிருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் புகை விடலாம்' என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மொத்தச் சீட்டுகளுக்கு வரம்பு இருப்பதால், ஒருவர் கூடுதலாக வாங்கினால் இன்னொருவருக்கு அவ்வளவு குறையும்.