ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்தால் பயோடெக் சீட்டா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் மதிப்பெண் கைகொடுக்கவில்லை. பயோடெக்னாலஜிதான் படிப்பேன் என்கிறாள். புதுச்சேரியில் தெரிந்தவர் ஒருவர், ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்தால் பி.டெக். சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பாகூரில் இருக்கும் என் அக்கா வீட்டு முகவரியில் புதுச்சேரி குடியிருப்புச் சான்றிதழும் எடுத்துவிடலாமாம், படித்து முடித்ததும் பெங்களூரில் மருந்துக் கம்பெனி வேலை நிச்சயமாம். என் மைத்துனரோ, அந்தப் படிப்புக்கு வேலையே கிடையாது, நர்சிங்கில் சேர்த்துவிடுங்கள் என்கிறார். இது என்ன படிப்பு ஐயா? நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: முதலில் அந்த ஐம்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்கள் வீட்டு இட்லி மாவிலிருந்து தொடங்குகிறேன். ஆட்டி வைத்த மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வேலை செய்கின்றன. சித்திரை மாதத்துக் கடலூர்ப் புழுக்கத்தில் நள்ளிரவிலேயே பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிகிறது. மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கிறது. உயிரைக் கொண்டு நமக்கு வேண்டிய பொருளைச் செய்துகொள்வது, அதற்காக அந்த உயிருக்கு வேண்டிய சூட்டையும் தீனியையும் காற்றையும் நம் கைக்குள் வைத்திருப்பது, இதுதான் பயோடெக்னாலஜி. 1919-இல் கார்ல் எரெக்கி என்ற ஹங்கேரிப் பொறியாளர் இந்தப் பெயரை வைத்தார். வேலை அதற்கு முன்பே உங்கள் அம்மாவின் சமையலறையில் நடந்துகொண்டிருந்தது.

பெயருக்கு மவுசு வந்தது பின்னால். சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலினை ஒரு காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் வேறோர் உயிரின் மரபணுவை வெட்டிப் பாக்டீரியாவுக்குள் ஒட்டி, அதை அங்கே வேலை செய்யவும் வைத்தார்கள். 1978-இல் மனித இன்சுலினைப் பாக்டீரியாவே செய்து கொடுத்தது. 1982-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. நம் நாட்டில் 1986-இல் இதற்கென்றே மத்திய அரசில் தனித் துறை வந்தது. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதே முறையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கொண்டுவந்தது. மரபணுவின் உள்விவரம் இப்போது உங்களுக்கு வேண்டாம், மகள் படித்துவிட்டு உங்களுக்குச் சொல்லட்டும்.

உங்களுக்கு வேண்டியது ஆலைக்குள் நடப்பது. மாவு பொங்கி முடிந்ததும் அதிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும், ஒரு துளி அழுக்கு இல்லாமல் பிரித்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்க வைப்பதைவிட இதற்குத்தான் செலவும் ஆட்களும் அதிகம். நுண்ணுயிரை வளர்க்கும் கலனான ஃபெர்மென்டரின் அருகே ராத்திரி ஷிஃப்டில் மணிக்கொரு முறை அளவெடுத்துக் குறிப்பது, வடிப்பது, தரம் சோதிப்பது, ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று போகும் வேலை. புதிதாகச் சேரும் பட்டதாரிக்குக் கிடைப்பது இதுதான். முப்பது வருடம் அந்தக் கலன்களோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்: கௌரவமான வேலை, ஆனால் முதல் சம்பளத்தில் பெங்களூர் அறை வாடகை போகக் கையில் அதிகம் நிற்காது. விளம்பரத்தில் வெள்ளை அங்கியோடு நுண்ணோக்கியைப் பார்க்கும் பெண்ணின் வேலை வேண்டுமென்றால் எம்.எஸ்சி., பிஎச்.டி. வரை போக வேண்டும். அதற்குள் அவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது ஆகிவிடும். அவ்வளவு காலம் பொறுப்பீர்களா என்பதை வீட்டில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

வேலையே கிடையாது என்று உங்கள் மைத்துனர் சொல்வதும் சரியில்லை. உங்கள் ஊரைச் சுற்றியே பாருங்கள். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸில் ஈஸ்ட்டை விட்டால் எத்தனால். இறால் பண்ணைக்காரர் குஞ்சுகளைக் குளத்தில் விடும் முன் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறார், ஒரு சோதனையைத் தவறவிட்டால் குளமே போய்விடும். திசு வளர்ப்பு வாழைக்கன்றும் இதே படிப்பின் சரக்கு. புதுச்சேரி இந்திரா நகரில் 1975 முதல் இருக்கும் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தில், கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியாவையே ஆயுதமாக்கி வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் கடலூர் சிப்காட்டில் மருந்துத் தொழிற்சாலை இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே பெரும்பாலும் வேதியியல்காரர்களுக்குத்தான் வேலை.

இன்னொன்று, பள்ளி ஆசிரியர் வேலை பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், இந்தப் பட்டம் தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ இணையா என்ற கேள்வி வந்து நிற்கும். ரத்தப் பரிசோதனை நிலைய டெக்னீஷியனுக்கு வேறு படிப்பு.

இப்போது உங்கள் 'தெரிந்தவர்'. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை அவரும் கேட்டிருக்க மாட்டார்: மகள் ப்ளஸ் டூவில் கணக்கு எடுத்தாளா? தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் மொத்தம் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுகிறார்கள். அதில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியலுக்குப் பூஜ்யம். உயிரைப் பற்றிய படிப்புக்கு உயிரியல் மதிப்பெண் வேண்டாமாம்! இந்த நாட்டில் நான் எத்தனையோ கூட்டங்களில் இதைச் சொல்லியாகிவிட்டது. டீயும் முறுக்கும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கணக்கு எடுக்கவில்லை என்றால் அந்தக் கலந்தாய்வுப் பேச்சு இங்கேயே முடிந்தது.

குடியிருப்புச் சான்றிதழ் விஷயம் அதைவிட மோசம். புதுச்சேரிவாசிகளுக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்கள் சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழு வழியாக நிரப்பப்படுகின்றன. அக்கா வீட்டு ரேஷன் அட்டையைக் காட்டி உங்கள் மகளைப் பாகூர்க்காரியாக்கினால், என்றைக்காவது யாராவது ஒரு புகார் எழுதுவார். மூன்றாம் ஆண்டில் சீட்டும் போகும், வழக்கும் வரும். அப்போது தெரிந்தவரின் தொலைபேசி அணைந்திருக்கும். இதில் நியாயமான விலக்கு ஒன்று உண்டு, சொல்லியாக வேண்டும். பாகூர்ப் பக்கம் எல்லை எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும்: இந்த ஊர் தமிழ்நாடு, தாண்டினால் புதுச்சேரி, மறுபடியும் தமிழ்நாடு. கடை மஞ்சக்குப்பத்தில் இருந்தாலும் குடும்பம் உண்மையிலேயே பல ஆண்டுகளாக அந்தப் பக்கம் குடியிருந்தால், கடை எங்கே என்பது பிரச்சினை இல்லை, குடியிருப்புதான் கணக்கு. மகள் அங்கே பள்ளியில் படித்த சான்று, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது எல்லாம் உங்கள் பெயரில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு வருடம் நடுவில் கடலூரில் இருந்துவிட்டு வந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை ஆண்டு தேவை என்பது அந்தந்த ஆண்டு சென்டாக் கையேட்டில் இருக்கும். கையேட்டைப் படித்துவிட்டு, தாலுகா அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். நான்கு முறை அலைய விடுவார்கள். அலையுங்கள், புரோக்கர் வேண்டாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

மூல மதிப்பெண் சான்றிதழையும் டி.சி.யையும் அவரிடம் கொடுக்காதீர்கள். கல்லூரிகளே மாணவரின் மூலச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துவிட்டது. இவர் யார் வைத்துக்கொள்ள?

தனியார் கல்லூரிதான் என்று முடிவானால் ஒரு வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். ஒருமுறை ஒரு கல்லூரிக்கு வெளித் தேர்வாளராகப் போயிருந்தேன். மார்ச் மாதம். பளபளவென்று பி.சி.ஆர். கருவி, மேலே பிளாஸ்டிக் உறை. உறையைத் தூக்கினேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஸ்விட்ச்சின் மேல் கலையாமல் காய்ந்திருந்தன. ஆறு மாதமாக ஒரு விரல் அதைத் தொடவில்லை. அந்தப் பிள்ளைகள் கடைசி ஆண்டு புராஜெக்ட்டைப் பணம் கொடுத்து வெளியே வாங்கியிருந்தார்கள். கண்ணாடித் தாள் போட்ட அட்டை, உள்ளே எல்லோருக்கும் ஒரே வரைபடம்.

பணம் குறைவாகப் போகும் வழியும் இருக்கிறது. தேவனாம்பட்டினம் அரசுக் கல்லூரியில் விலங்கியலோ வேதியியலோ பி.எஸ்சி. படிக்கட்டும். அடித்தளம் கெட்டியாகும். பிறகு எம்.எஸ்சி. பயோடெக்கை நுழைவுத் தேர்வு எழுதிப் பிடிக்கட்டும்: காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜிக்குத் தனித் துறை இருக்கிறது, ஐ.ஐ.டி.களுக்கான ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜிக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. மத்திய பயோடெக்னாலஜித் துறையின் காட்-பி தேர்வில் தேறிச் சேர்பவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் வரும். இந்த மூன்றிலும் புரோக்கருக்கு வேலை இல்லை. அதனால்தான் அந்தத் தெரிந்தவர் உங்களிடம் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நர்சிங்கும் நல்ல படிப்புதான், மகளுக்கு அதில் மனமிருந்தால். சேர்க்கலாம் என்று முடிவு செய்த மறுநாளே அதே 'தெரிந்தவர்' நர்சிங் சீட்டோடு உங்கள் கடைக்கு வருவார்.