ஏழாம் மாதத்தில் இடுப்பு மூட்டு வலி

கேள்வி: எனக்கு இப்போது ஏழாம் மாதம். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் இல்லை. இரண்டு கிழமையாக அடிவயிற்றுக்குக் கீழே நடு எலும்பில் குத்துகிறது. படியேறும்போதும் இரவில் புரண்டு படுக்கும்போதும் கண்ணீர் வந்துவிடுகிறது. "வயிற்றில் பிள்ளை இருந்தால் நோகத்தான் செய்யும்" என்கிறார் மாமி. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? சிசேரியன்தான் செய்ய வேண்டி வருமா?

பதில்: இந்த வலியால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாமி சொல்வதில் பாதிதான் சரி. கர்ப்பிணிகள் 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளை பிறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. நொண்டி நொண்டி நடந்து, வலி முற்றிய பிறகு எங்களிடம் வருபவர்களைக் கண்டால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்னால் ஒரு மூட்டு, பின்னால் முதுகடியில் இரண்டு. கர்ப்பகாலத்தில் இவற்றைப் பிடித்திருக்கும் நார்கள் இளகும், வயிற்றுப் பாரமும் ஏறும். மூன்று மூட்டும் ஒன்றுபோல் அசையாவிட்டால் நோவு தொடங்கிவிடும். ஒற்றைக்காலில் பாரம் விழும்போதும் கால்கள் அகலும்போதும் அது கூடும்.

அதனால் முழங்கால்களை ஒட்டியே வைத்திருக்கப் பழகுங்கள். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. புரளும்போது தலையணையை இறுக்கிக்கொண்டு தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும். ஓட்டோவில் ஒரு காலை முதலில் தூக்கி வைக்காதீர்கள். இருக்கைக்கு முதுகைக் காட்டி விளிம்பில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இருக்கையின் ரெக்சின் உறை வழுக்குவது இங்கே உதவி. உள்பாவாடை, காற்சட்டை எல்லாம் கதிரையில் இருந்தபடியே போடுங்கள். படியில் கைபிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக: ஏறும்போது நோவு குறைந்த கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். மூன்று மாடி என்பதால் சாமான் வாங்குவதை ஒரே இறக்கத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பைகளை வேறு யாராவது தூக்கட்டும்.

பனடோல் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது.

சரி, பிரசவம். இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவதில்லை, பெரும்பாலானோருக்குச் சுகப்பிரசவம்தான். மல்லாந்து படுத்து, வலியில்லாமல் முழங்கால்கள் எவ்வளவு அகல்கின்றன என்று இப்போதே அளந்து கிளினிக் கார்டில் குறிக்கச் சொல்லுங்கள். பிரசவ அறையில் அதற்குமேல் கால்களை விரிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் படுத்தோ, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியோ பிள்ளை பெறலாமா என்றும் கேட்டு வையுங்கள்.

காய்ச்சல், சிறுநீர் எரிவு, இரத்தக் கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், கால் மரத்தல், ஒரு கால் மட்டும் வீங்குதல், பிள்ளையின் அசைவு குறைதல் — இதில் எது இருந்தாலும் அது வேறு விஷயம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இல்லாவிட்டால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உங்கள் மிட்வைஃபிடம் சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பும் துண்டுச் சீட்டு வாங்குங்கள். மூட்டைச் சோதித்து, உங்களுக்கேற்ற பயிற்சியைக் காட்டித் தருவார்கள். இடுப்புப் பட்டி தேவையா என்பதையும் அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கடையில் கண்டதை வாங்கி இறுக்கிக் கட்டாதீர்கள்.